மென்மையும் காரமும்: சுருட்டின் சுவையும் மலையகத் தோட்டங்களின் சமூக வரலாறும்

1

சுருட்டுப் புகைக்கப் புதிதாகப் பழகுவோனுக்கு வழங்கப்படும் அறிவுரை இன்று ஏறக்குறைய உலகப் பொதுவானதாகிவிட்டது. காரங் குறைந்த சுருட்டையே அவன் தெரிந்தெடுக்க வேண்டும். மேலுறை இலை வெளிறிய கபில நிறத்ததாய் இருத்தல் நன்று. ஐந்து அங்குல நீளம் போதும். உருண்டைச் சுருட்டிலும், பெட்டியுள் அழுத்திச் சதுர வடிவாக்கப்பட்ட சுருட்டு புதியவனின் வாய்க்கு இசைவானது. வெறுவயிற்றிற் புகைத்தலாகாது, புகையை நெஞ்சுக்குள் இழுத்தலாகாது, அவசரமின்றி நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்தல் போதுமானது.

இவ்வறிவுரை மிகச் சாதாரணமானதாகவே தோன்றும். ஆயின், அது குறிப்பிட்ட ஒரு மனிதனை முன்னரே ஊகித்துக்கொண்டு பேசுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. அம்மனிதன் உணவு உண்டு முடித்தவன். ஒரு மணி நேரத்தை எவருக்கும் கணக்குக் கொடாது செலவிடத்தக்கவன். ஒரு கையை வேலையிலிருந்து விடுவித்து வைத்திருப்பவன். மழையும் காற்றும் புகாத கூரையின் கீழ் அமர்ந்திருப்பவன். எல்லாவற்றுக்கும் மேலாக, பல பொருள்களுள் ஒன்றைத் தனக்கெனத் தெரிந்தெடுக்கும் உரிமையை உடையவன்.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், குறிப்பாக ஹற்றன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், இத்தெரிவு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாதிருந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புகையிலை ஏறத்தாழ எல்லா வகுப்பினராலும் நுகரப்பட்ட பொருள். அதனாலேயே அது நுகரப்பட்ட வடிவங்கள் வர்க்க வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டுகின்றன.

2

மென்மை எனப்படுவது யாது? புகையிலைச் செடியின் எல்லா இலைகளும் ஒரே தன்மையன அல்ல. அடியிலுள்ள இலைகள் நிழலில் வளர்ந்து மெல்லியனவாய், எளிதில் எரிவனவாய் அமையும். உச்சியிலுள்ளவை வெயிலை நேரே பெற்று, தடித்து, எண்ணெய்ப் பசையும் நிக்கொற்றினும் மிகுந்து காரமாகும். கியூபா மரபில் இவை முறையே வொலாடோ, செக்கோ, லிகேரோ என வகுக்கப்படும். இலைகளைக் கலக்கும் விகிதமே சுருட்டின் காரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மேலுறை இலையைத் துணிப் பந்தலின் கீழ் நிழலில் வளர்ப்பதும், இலைகளை அம்பாரமாக அடுக்கிப் பல மாதம் புளிக்க வைப்பதும், ஆண்டுக்கணக்கிற் காத்து முதிரச் செய்வதும் மென்மையைக் கூட்டும் வழிகள். ஆகவே மென்மை என்பது காத்திருக்கக்கூடிய மூலதனத்தின் விளைவு. அறுவடை முடிந்த கையோடு இலையை விற்றுக் கடன் தீர்க்க வேண்டிய சிறு விவசாயியால் அதனை உண்டாக்குதல் அரிது.

பெட்டியழுத்தமும் இத்தகையதே. சுற்றி முடித்த சுருட்டு ஈரப்பதத்துடன் இருக்கும்போதே மரப்பெட்டியுள் நெருக்கமாக அடுக்கப்பட்டு அழுத்தப்படும். பக்கங்கள் தட்டையாகி நான்கு விளிம்புகள் தோன்றும். அது மேசையிலிருந்து உருண்டு விழாது. உதடுகளுக்கு இடையில் அமைதியாகப் பொருந்தும். பெட்டியே பொருளுக்கு வடிவம் கொடுக்கும் நிலை இங்குக் காணப்படுகிறது. பெட்டியில் விற்கப்படும் சுருட்டு, பெட்டியாக வாங்கக்கூடியவனுக்கென உருவானது. நமது நாட்டிலோ சுருட்டு நாரினாற் கட்டப்பட்ட கட்டாக வந்து, கடையில் ஒன்றாகவோ இரண்டாகவோ விற்கப்பட்டது.

இவ்விடத்தே தேயிலையை ஒப்புநோக்குதல் பயனுடையது. தேயிலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய உச்சித் துளிரே விலை உயர்ந்தது. சல்லடையிற் கடைசியாகத் தங்கும் தூளே தொழிலாளியின் கோப்பைக்கு வந்தது. புகையிலையில் உச்சி இலை காரமானது. மென்மை நாடுவோன் கீழிலைகளையும் நிழலிலையையும் வேண்டுகிறான். தாவரவியல் தலைகீழாக இருந்தபோதிலும் சமூகவியல் மாறவில்லை. மென்மையானது மேலோருக்கும் கடியது உழைப்போருக்குமாகப் பங்கிடப்பட்டது. கியூபாவின் அறிஞர் பெர்னாண்டோ ஓர்ட்டிஸ் 1940 இல் வெளியிட்ட நூலில் புகையிலையையும் சர்க்கரையையும் எதிரெதிர் நிறுத்தி அந்நாட்டின் வரலாற்றை விளக்கினார். புகையிலையையும் தேயிலையையும் அவ்வாறு நிறுத்தி மலையகத்தை நோக்குவதற்கு அவரது முறை நமக்கு வழிகாட்டும்.

3

ஆங்கிலத்திற் செரூட் என வழங்கும் சொல் தமிழ்ச் ‘சுருட்டு’ என்பதன் திரிபேயாகும். சுருட்டுதல் என்னும் உழைப்பின் பெயர் போர்த்துக்கேயர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று நுகர்பொருளின் பெயராகியது. இரு முனையும் வெட்டப்பட்டு, முனை கூராது நேராக அமைந்ததே செரூட். அவற்றுட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரரசு முழுவதும் பெயர் பெற்றது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு. 1887 இல் வெளிவந்த ஷேர்லொக் ஹோம்ஸ் முதற் கதையில், கொலைஞன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதை அதன் சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். இலண்டன் வாசகனுக்கு விளக்கம் வேண்டாத அளவுக்கு அப்பெயர் பழகியிருந்தது.

அதே திருச்சிராப்பள்ளி இன்னொரு சரக்கின் ஏற்றுமதிக்கும் மையமாயிருந்தது. இலங்கைத் தோட்டத்துரைமார் தமக்கு வேண்டிய கூலியாட்களைத் திரட்டும் பொருட்டு 1904 இல் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையகம் அந்நகரிலேயே இயங்கியது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலாம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் மூலம் குடும்பங்கள் திரட்டப்பட்டன. ஒரே வட்டாரத்து மண்ணும் மனிதரும் இரு வடிவங்களில் மலையேறினர். ஒன்று துரையின் கையிற் புகைந்தது. மற்றது துரையின் மலையில் உழைத்தது.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 இல் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இற் பரவிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தவே தேயிலையே மலைநாட்டின் அரசாயிற்று. நுவரெலியாவில் 1876 இல் நிறுவப்பட்ட ஹில் கிளப் போன்ற துரைமார் சங்கங்கள் நெடுங்காலம் ஐரோப்பிய ஆடவருக்கே உரியனவாயிருந்தன. இராப்போசனத்தின் பின் புகைத்தல் அங்கு ஒரு சடங்கு. எச்சுருட்டு மென்மையானது, எது விருந்தினருக்கு ஏற்றது, எதனை எவ்வாறு வெட்டுவது என்பனவெல்லாம் புதிதாக வந்த இளந்துரை பயில வேண்டிய நாகரிகத்தின் பகுதிகள். சின்னத்துரையாக வந்தவன் பெரியதுரையாவதற்குத் தொழிலாளரை அதட்டும் தமிழை மட்டும் கற்றாற் போதாது. புகைக்கும் அறையின் ஒழுங்கையும் கற்க வேண்டும். சுவை, தன் வர்க்கத்தை ஒருவன் அடையாளங் காட்டும் வழி எனப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்டியூ 1979 இல் நிறுவியது இவ்வறைக்கும் பொருந்தும்.

4

துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றது யாழ்ப்பாணச் சுருட்டு. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை முக்கிய ஏற்றுமதிப் பண்டமாயிருந்தது. திருவிதாங்கூர் அதன் பெருஞ் சந்தை. அங்குப் புகையிலை வணிகம் 1863 வரை அரச ஏகபோகமாயிருந்தது. பின்னர் சுங்கத் தீர்வைகள் அதன் போக்கை நிர்ணயித்தன. இந்தியச் சந்தை ஒடுங்கியபோது உள்நாட்டுச் சந்தையின் முக்கியத்துவம் உயர்ந்தது.

அச்சந்தையைத் திறந்தது புகையிரதம். மலைநாட்டுப் பாதை 1885 இல் நானுஓயாவை அடைந்தது. வடபாதை 1905 இல் யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்தது. இரு பாதைகளும் பொல்காவலையிற் சந்தித்தன. தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்குதற்கெனப் போடப்பட்ட தண்டவாளமே சுருட்டுச் சிப்பங்களை மலைக்கு ஏற்றவும் பயன்பட்டது. யாழ்ப்பாணத்தவர், சிறப்பாகத் தீவுப் பகுதியினர், தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் திறந்த கடைகளுக்குச் சுருட்டுக் கடை என்பதே பெயராயிற்று. சிங்கள மக்களும் அவற்றை அப்பெயராலேயே அழைத்தனர்.

இச்சுருட்டு மென்மையானதன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் செடியின் நுனிக் குருத்தை முறித்து, பக்கக் கிளைகளைக் கிள்ளி, சத்து முழுவதையும் எஞ்சிய இலைகளிற் சேரச் செய்வான். மாட்டெருவும் கிணற்று நீரும் இலையைத் தடிக்க வைக்கும். பின்னர் தேங்காய்ப் பொச்சின் புகையூட்டி அதனைப் பதப்படுத்துவான். சுற்றுவதற்கு முன் கோடா எனப்படும் பாணியில் இலை ஊற வைக்கப்படும். ஒவ்வொரு முதலாளியும் தன் கோடாவின் பக்குவத்தை வெளிவிடாது காத்தான். காரமும் மணமும் கோடாவுமே யாழ்ப்பாணச் சுருட்டின் பெருமை. மலையின் குளிருக்கு அதுவே ஏற்றது என்பது கடைக்காரரின் விளம்பரமாகவும் நுகர்வோரின் நம்பிக்கையாகவும் இருந்தது.

மலைநாட்டில் இச்சுருட்டை முழுதாகப் புகைத்தோர் யாவர்? கடை முதலாளி, பெரியகங்காணி, கணக்கப்பிள்ளை, பெரிய கிளாக்கர் ஆகியோரே. இவர்கள் தோட்ட அமைப்பின் இடைநிலைச் சக்திகள். துரையின் முன் சுருட்டை மறைத்தல் வேண்டும்; தொழிலாளியின் முன் அதனைப் பற்றவைத்தல் வேண்டும். அதிகாரத்தின் இரு முகங்களையும் ஒரே பொருள் காட்டிற்று.

சுருட்டைச் சுற்றியவரின் நிலையும் இங்கு நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர் கேட்டவாறே சுற்றும் வழக்கம் இருந்தது. ஹவானாவின் தொழிற்சாலைகளில் இதையொத்த வாசிப்பு 1865 இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சியாளர் அதனைத் தடைசெய்தனர். தடை நிலைக்கவில்லை. கடல்கள் கடந்த இரு இடங்களில் ஒரே வழக்கம் தோன்றியமைக்குத் தொழிலின் தன்மையே காரணம். சுருட்டுச் சுற்றுதல் கையையும் கண்ணையும் வேண்டுவது, காதை வேண்டாதது. இயந்திர இரைச்சலும் இல்லை. ஒரே கூரையின் கீழ்ப் பலர் கூடியிருந்தனர். அவர்களிடையே அரசியல் உணர்வு விரைவிற் பரவியது.

தேயிலை மலையில் இதற்கு இடமில்லை. கொழுந்து பறிப்போர் நிரைகளாகப் பிரிந்து சரிவெங்கும் சிதறி நிற்பர். காதிற் கேட்பது கங்காணியின் குரலே. வெளியார் தோட்டத்துள் நுழைதல் அத்துமீறலாகக் கருதப்பட்டது. கோ. நடேசையர் புடவை வியாபாரி வேடத்திலே தோட்டத்தினுள் நுழைய நேர்ந்ததும், 1931 இல் ஹற்றனிலே தொழிற்சங்கம் அமைத்தபின் அவரும் மீனாட்சியம்மாளும் பாட்டையும் துண்டுப்பிரசுரத்தையும் கருவியாகக் கொண்டதும் இச்சூழலின் விளைவுகளே. கொட்டிலில் பகலில் வாசிக்கப்பட்டது தோட்டத்தில் இரவிலே பாடப்பட வேண்டியதாயிற்று.

5

தொழிலாளர் புகையிலையை எவ்வாறு நுகர்ந்தனர் என்பதே நமது ஆய்வின் மையம். பெரும்பாலோர், சிறப்பாகப் பெண்கள், அதனைப் புகைக்கவில்லை. வெற்றிலை பாக்குச் சுண்ணாம்புடன் மென்றனர். இது வெறும் ஊர் வழக்கத்தின் எச்சம் எனக் கூறிவிடுதல் போதாது. ஊர் வழக்கம் மலைக்கு வந்தது உண்மையே. ஆயின் அது நிலைபெற்றதற்குத் தோட்டத்தின் உழைப்பு முறையே காரணமாகும்.

கொழுந்து பறிப்பவளின் இரு கைகளும் செடியின் மீதே இருத்தல் வேண்டும். நெற்றியிற் கயிறு, முதுகிற் கூடை, இடுப்பிற் படங்கு, காலில் அட்டை. மழையும் பனிமூட்டமும் ஓயாத மலையில் நெருப்பை ஏந்திப் பாதுகாத்தல் இயலாது. பெரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தது முதல் மாலைக் கொழுந்து நிறுக்கும் வரை நாள் அவளுடையதன்று. நிறை குறைந்தால் அரைப்பேர். இந்நிலையில் கையை வேண்டாத, நெருப்பை வேண்டாத, நேரத்தை வேண்டாத நுகர்வு வடிவம் ஒன்றே. அது வாயில் அடக்கிய வெற்றிலைப் புகையிலை. அது பசியை மந்தப்படுத்தியது. குளிரில் உடலைச் சூடாக வைப்பதாக உணரப்பட்டது. காலில் ஏறும் அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலைச் சாறும் மருந்தாயின.

கவ்வாத்து வெட்டும் ஆண்களும் முள்ளுக்குத்தும் ஆண்களும் வேலையிடையே புகைத்ததுண்டு. ஆயினும் அவர்கள் புகைத்தது முழுச் சுருட்டாக அமைதல் அரிது. சிறிது புகைத்து, நெருப்பை நசுக்கி, மிச்சத்தைக் காதிற் செருகி வைப்பர். ஒரு சுருட்டு மூன்று இடைவேளைகளாகத் துண்டுபடும். பின்னர் பீடி வந்தபோது தோட்டத்து ஆண்களிடையே எளிதிற் பரவியமைக்கு இதுவே காரணம்: சில நிமிடத்தில் தீர்ந்துவிடும் பீடி, சில நிமிடமே தரப்பட்ட ஓய்வுக்கு அளவெடுத்துச் செய்தாற் போன்றது.

முழுச் சுருட்டு ஒன்று தொழிலாளியின் லயத்துக்கு வந்த தறுவாய் ஒன்றுண்டு. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் படையலிடும்போது சேவலுடனும் சாராயத்துடனும் சுருட்டு வைக்கப்பட்டது. தனக்குக் கிட்டாத ஓய்வையும் முழுமையையும் தன் தெய்வத்துக்கு வழங்கினான் தொழிலாளி. அத்தெய்வம் மென்மை விரும்பும் தெய்வமன்று. காரமான சுருட்டையே அது ஏற்றது. நுவரெலியாச் சங்க மாளிகையின் சுவை விதிகளுக்கு எதிரே தன்னையறியாமலே எழுந்த இன்னொரு சுவை மரபாக இதனைக் கொள்ளலாம்.

விலையும் தெரிவைக் குறுக்கியது. தோட்டத்துக்கு அண்மைக் கடையிற் பற்றுக்கணக்கிலேயே பொருள் வாங்கப்பட்டது. பல இடங்களிற் பெரியகங்காணிக்கு அக்கடையுடன் தொடர்பிருந்தது. முற்பணக் கடனும் கடைப் பற்றும் ஒன்றையொன்று வளர்த்தன. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. ஆகக் குறைந்த கூலியை நிர்ணயிக்கும் சட்டம் 1927 இல் வந்தது. அதிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியிற் குறைவாகவே வைக்கப்பட்டது. சமகூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. பற்றுக்கு வாங்குபவன் கடைக்காரன் கொடுத்ததையே வாங்குவான். எது மென்மை, எது காரம் என வினவும் உரிமை ரொக்கக் காசுக்கே உண்டு.

தொழிலாளி தன் வயிற்றுக்கு உண்பதும் மூலதனத்தின் மறு உற்பத்திக்குள் அடங்கும் எனக் கார்ல் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். சிட்னி மின்ற்ஸ் சர்க்கரை பற்றி 1985 இல் எழுதிய நூலில், தேநீர், சர்க்கரை, புகையிலை முதலியன உழைக்கும் மக்களின் பசியைக் குறைந்த செலவில் அடக்கிவைத்த விதத்தை விளக்கினார். மலையகத்தில் அவ்வுண்மை இரட்டிப்பாகிறது. ஐரோப்பியத் தொழிலாளியின் பசியை அடக்க ஏற்றுமதியான தேயிலையைப் பறித்தவள், தன் பசியைப் புகையிலையால் அடக்கினாள்.

6

1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. சுருட்டுக் கடைகளையும் வரலாறு விட்டுவைக்கவில்லை. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் தமிழர் கடைகள் எரிந்தன. சுருட்டின் இடத்தைப் பெரும்பாலும் சிகரெட் பிடித்துக்கொண்டது. துரைமாரின் சங்க மாளிகைகள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாயின. அங்கு வந்து தங்குவோர் மென்மையான சுருட்டுப் பற்றி அறிவுரை கேட்கலாம். 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி நெடும் போராட்டத்தின் பின் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இறக்குமதியான நல்ல சுருட்டொன்றின் விலை அதனை எளிதில் விஞ்சிவிடும்.

மாறாதது ஒன்றுண்டு, அது உடலின் கணக்கு. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்குவது என 1985 இலும், பாக்கே அவ்வாறானது என 2004 இல் வெளிவந்த அறிக்கையிலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முதன்மையானது. மென்மை என்னும் சொல்லும் இங்குக் காப்பளிக்காது. சுருட்டின் புகை காரத் தன்மையுடையதாகையால் நெஞ்சுக்குள் இழுக்காதபோதும் நிக்கொற்றின் வாயின் மென்சவ்வு வழியே உட்செல்லும். மென்மை நாவைப் பற்றியது, நோயைப் பற்றியதன்று. எனினும், புகைப்பவனுக்கு எச்சரிக்கையும் மருத்துவனும் அருகில் உள்ளனர். மென்றவளின் வாயிற் புண் தோன்றியபோது, ஒரு நாட்கூலியை இழக்காமல் அதனைக் காட்டுதற்கு அவளுக்கு வழி இருந்ததா என்பதே கேள்வி.

அறநெறி போதிப்போர் தொழிலாளரின் வெற்றிலைச் சிவப்பை அறியாமை எனக் கண்டிப்பதுண்டு. அக்கண்டிப்பு காரணத்தை மறைக்கிறது. மெல்லும் பழக்கத்தை உழைப்பு நேரமும் கூலியும் கடைப்பற்றும் சேர்ந்தே உருவாக்கின; அவற்றைத் தொடாமற் பழக்கத்தை மட்டும் தொடுதல் பயன் தராது. 2016 இல் மெல்லும் புகையிலைக் கலவைகளுக்கு விதிக்கப்பட்ட தடையும் இவ்வளவுகோலாலேயே மதிப்பிடப்படல் வேண்டும்.

நமது இலக்கிய ஆய்வு இவ்விடயத்தில் செய்ய வேண்டியது மிகுதி. சீனிச்சர்க்கரைப் புலவரின் புகையிலை விடு தூது பிரபந்த வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. தொழிலாளரின் வெற்றிலைப் பையோ நாட்டார் பாடல்களிலும் மலையகச் சிறுகதைகளிலும் பரந்து கிடக்கிறது. ஸி. வி. வேலுப்பிள்ளை தொடங்கிவைத்த தொகுப்புப் பணியைப் பின்பற்றி, அப்பாடல்களை வேலை நேரம், கூலி, கடன் என்பவற்றுடன் இணைத்து வாசித்தல் வேண்டும். ஒரு பெண் புகையிலையை ஏன் மென்றாள், ஏன் புகைக்கவில்லை என்பதற்கான விடை அவளுடைய நாவில் மட்டுமன்றி, அவளுடைய கைகள் இருந்த இடத்திலும் உண்டு.